ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கும் முதியவர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ள ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், பஞ்சாலையிலும் தறியிலும் வயலிலும் உழைத்து ஓய்ந்த ஒரு தலைமுறை இன்று எழுபது வயதைக் கடந்து வாழ்ந்துகொண்டிருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் கோவை, திருப்பூர், சென்னை என்றும் வெளிநாடு என்றும் பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். ஆகவே காலில் ஆறாத புண்ணோடு நடமாடும் தந்தையையோ, மங்கிய கண்ணோடு அடுப்படியில் நிற்கும் தாயையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்வது பற்றிய பேச்சு, தொலைபேசியிலோ, பொங்கலுக்கு வந்திறங்கிய இரண்டு மூன்று நாள்களிலோ நடந்து, அந்த அவசரத்திலேயே சண்டையாக முடிந்துவிடுகிறது. "குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கு என்ன கேடு" என்றோ, "போற காலத்துல எதுக்கு இந்த வெட்டிச் செலவு" என்றோ முதியவர் சொல்லும் பதிலுக்குப் பிடிவாதம் என்று பெயர் சூட்டிவிட்டுப் பிள்ளைகள் ஊர் திரும்புகிறார்கள். விசாரணை அந்த இடத்தில் நின்றுவிடுவதுதான் பெருந்தவறு. ஏனெனில் மறுப்புக்குப் பின்னால் சொல்லப்படாத காரணம் ஒன்று அநேகமாக எப்போதும் இருக்கிறது என்பதும், அந்தக் காரணத்தை நீக்கினால் மறுத்தவர்களில் பலர் தாமாகவே எழுந்து வருகிறார்கள் என்பதும் தென் தமிழ்நாட்டின் கண்புரைச் சிகிச்சை வரலாற்றிலேயே சோதித்து அறியப்பட்டவை.

இவ்வட்டாரத்துக்கு மருத்துவம் அந்நியமானதன்று. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஊரின் ஓரத்தில் நிற்கும் மலைக்கே மக்கள் சஞ்சீவி மலை என்று பெயரிட்டு, அனுமன் தூக்கி வந்த மூலிகை மலையோடு அதைத் தொடர்புபடுத்திப் பேசுகிறார்கள். இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மாவட்டத் தலைநகரான விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. மறுக்கும் முதியவர்களும் மருத்துவத்தை முற்றாக ஒதுக்குபவர்கள் அல்லர். பல ஆண்டுகளாகப் பழகிய கைராசி டாக்டரிடம் போய் ஓர் ஊசி போட்டுக்கொள்ள அவர்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் வாங்கிக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். அவர்கள் மறுப்பது முன்பின் தெரியாத கட்டடத்தையும், முகம் தெரியாத மனிதர்களையும், என்ன முடிவு வருமென்று தெரியாத பரிசோதனைகளையும்தான். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், நோயின் கொடுமையை விளக்கினால் போதும் என்று எண்ணிப் பேசுகிறவர்கள், ஏற்கெனவே தெரிந்த செய்தியையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுக்க வைக்கிறார்கள்.

கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த இயற்கை வில்லை வயது காரணமாகக் கலங்கி, பால் படர்ந்தாற்போல் வெளுத்து, பார்வையை மெல்ல மெல்ல மறைக்கும் நிலை. அதற்கு மருந்து கிடையாது. கலங்கிய வில்லையை அகற்றும் அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. மதுரையில் 1976ஆம் ஆண்டு, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் இலவசக் கண் முகாம்களை நடத்தி, கண்புரை கண்டவர்களுக்குக் கட்டணமின்றி அறுவை செய்ய முன்வந்தது. பார்வை போய்க்கொண்டிருப்பவர்களுக்கு அதை இலவசமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னால் கூட்டம் அலைமோதும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் தொடக்க ஆண்டுகளில், முகாமில் பரிசோதிக்கப்பட்டு அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களில் ஒரு சிறு பகுதியினர் மட்டுமே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்களை வீடு தேடிப் போய் விசாரித்தபோது, அறுவைதான் இலவசமே தவிர, மதுரை வரைக்குமான பேருந்துக் கட்டணமும், தங்கும் நாள்களின் சாப்பாட்டுச் செலவும், உடன் வருபவர் இழக்கும் கூலியும் இலவசமல்ல என்பது தெரியவந்தது. அதன்பின் நோயாளியை முகாமிலிருந்தே பேருந்தில் ஏற்றிச் சென்று, உணவும் தங்குமிடமும் மருந்தும் கொடுத்து, திரும்பவும் ஊரில் கொண்டுவந்து விடும் முறை உருவாயிற்று.

அந்த முறையை அருகில் நின்று பார்த்தால், முதியவரின் அச்சங்கள் எத்தனை எத்தனை சிறு இடங்களில் கவனிக்கப்பட்டிருக்கின்றன என்பது புலப்படும். முகாம் பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ, அவர் பலமுறை ஏறி இறங்கிய படிகளுக்கு மேலேயே நடக்கிறது. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது, டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது என ஒவ்வொரு கட்டமும் அதே கூடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக முடிகிறது. அறுவை வேண்டும் என்று தீர்மானமானவுடன், வீட்டுக்குப் போய் நான்கு பேரிடம் யோசனை கேட்டுத் தயங்குவதற்கு இடம் தராமல், அன்றே பேருந்து புறப்படுகிறது. பேருந்தில் அவரோடு வருபவர்கள் எல்லோரும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒத்த வயதினர், ஒரே குறைக்காகப் போகிறவர்கள். மருத்துவமனையில் கட்டிலில் படுத்துப் பழகாதவருக்குப் பாய் விரிக்கப்படுகிறது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்குக் காலையில் அறுவை முடிந்து, மாலையில் அவர் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்ணெதிரே பார்க்கும் மனிதருக்கு, வேறு எந்த விளக்கவுரையும் தேவைப்படுவதில்லை.

இந்த அனுபவம் பின்னர் முறையான ஆய்வாகவும் சோதிக்கப்பட்டது. கிரிஜா பிரில்லியண்ட், அரவிந்த் மருத்துவமனையின் ஆர்.டி. துளசிராஜ் உள்ளிட்டோர் நடத்தி 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தென்னிந்தியாவின் 90 கிராமங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டு, கண்புரை அறுவைக்கு மக்களை இணங்கச் செய்யும் எட்டு வகையான முயற்சிகளில் ஒவ்வொன்று ஒவ்வொரு கிராமத்துக்கும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டது. விளம்பரம், பரிசோதனை வண்டி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் என்று பல வழிகள் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் பயன் மிகுந்தவையாக வெளிப்பட்டவை இரண்டு: ஒன்று, போக்குவரத்து, உணவு ஆகியவை உட்பட எல்லாச் செலவையும் ஏற்றுக்கொள்வது, மற்றொன்று, ஏற்கெனவே கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவரே வீடுவீடாகச் சென்று பேசுவது. படித்த பணியாளரின் விளக்கத்தைவிட, அதே கத்தியின் கீழ்ப் படுத்து எழுந்து வந்த மனிதரின் பேச்சு முதியவர்களிடம் அதிகம் எடுபட்டது என்பது, வீட்டில் தாயிடமும் தந்தையிடமும் மன்றாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய கண்டுபிடிப்பு.

1999இல் வெளியான இன்னோர் ஆய்வு, தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் குறைபாடு உள்ள வயதுவந்தோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே கண் முகாமுக்கு வந்திருந்ததைக் காட்டியது. வராதவர்கள் சொன்ன காரணங்களில் அச்சமும் செலவும் குடும்பப் பொறுப்பும் இருந்தன. அவற்றோடு, வயதானால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணமும், இருக்கும் பார்வையைக் கொண்டே சமாளித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்தன. சமாளித்துக்கொள்கிறேன் என்பது எளிதில் மறுத்துவிடக்கூடிய வாதமல்ல. அளவு தெரியாமல் உப்பைப் போடுகிறவர், வாசற்படியைக் காலால் துழாவி இறங்குகிறவர், பேருந்தின் பெயர்ப்பலகையைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர், தம்முடைய திறமையால்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம் என்று நம்புகிறார். அந்தத் திறமையைக் குறை சொல்லித் தொடங்கும் பேச்சு அவரைக் காயப்படுத்துகிறது.

முதியவரின் அச்சத்துக்குப் பெரும்பாலும் ஓர் உண்மையான நினைவு அடிப்படையாக இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முந்திய காலத்தில் கண்புரை அறுவை என்றால் பெரிய கீறல், தையல், தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்கை என்றிருந்தது. வில்லை அகற்றப்பட்ட கண்ணுக்குள் வேறு எதுவும் வைக்கப்படாததால், வாழ்நாள் முழுவதும் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. செயற்கை வில்லையைக் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் முறை வந்தபோது அதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் அரவிந்த் நிறுவனத்தார் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அவ்வில்லையைத் தாமே குறைந்த விலையில் தயாரிக்க முற்பட்ட பிறகே அது பரவலாயிற்று. இன்று சிறு கீறலில், பெரும்பாலும் தையலின்றி, சில நிமிடங்களில் அறுவை முடிந்துவிடுகிறது. தம் தாயோ மாமியாரோ நாற்பது ஆண்டுகளுக்கு முன் பட்ட பாட்டை நேரில் கண்ட ஒருவர், அந்த நினைவைக் கொண்டு இன்றைய சிகிச்சையை அஞ்சும்போது, அவர் அறியாமையில் பேசவில்லை; பழைய அறிவில் பேசுகிறார். அவரிடம் முதலில் அந்தப் பழைய கதையைக் கேட்டுவிட்டு, பிறகு மாறியது எது என்று சொல்வதே முறை.

கண்ணைப் பற்றிய இந்தப் பாடம் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மூட்டுத் தேய்வுக்கும் அப்படியே பொருந்துகிறது. "வேண்டாம்" என்ற விடைக்குள் அடங்கியிருப்பது எது என்று பொறுமையாக விசாரிப்பதுதான் முதல் வேலை. சிலருக்கு அது பணம். மகனுடைய கடனைக் கூட்டிவிடுவோம் என்ற கவலை. 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவருக்கு, மருத்துவமனை என்ற சொல்லே நகை அடமானம் போகும் சித்திரத்தைக் கண்முன் நிறுத்துகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ராஜபாளையத்துப் பஞ்சாலைகளில் வேலை பார்த்து, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தி, கணவன் மனைவி இருவருக்கும் அந்த மருத்துவ வசதியைத் தொடர்ந்து பெறலாம். இவற்றை வாயால் சொல்வதைவிட, அட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, அது செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வந்து சொல்வது அவருடைய மனக்கணக்கை மாற்றும்.

வேறு சிலருக்குத் தடை நாள்கணக்கில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப் பூரத் தேரோட்டம் முடியட்டும் என்பதும், பேத்திக்குச் சடங்கு முடியட்டும் என்பதும், பசு கன்று போடட்டும் என்பதும் தட்டிக்கழிப்பாகவே குடும்பத்தாருக்குத் தோன்றுகின்றன. ஆனால் அவற்றை எதிர்த்து வாதாடுவதைவிட, அவசரமில்லாத நோயாக இருந்தால், அவர் சொன்ன நாளையே ஏற்றுக்கொண்டு, தேரோட்டத்துக்கு அடுத்த வாரம் எந்தக் கிழமை என்று அவரிடமே குறித்து வாங்குவது பயன் தரும். தாம் குறித்த நாளை மீறுவதற்கு அந்தத் தலைமுறையினர் கூசுவார்கள். பசுவுக்குத் தண்ணீர் காட்டுவது யார், கடையைத் திறப்பது யார், தனித்து விடப்படும் துணைவருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விகளுக்குப் பெயர் சொல்லி விடையளிக்கப்படும்வரை, எந்த முதியவளும் மனநிம்மதியோடு வீட்டுப் படியிறங்கமாட்டாள்.

பெண்களின் மறுப்பில் கூச்சத்துக்கு உள்ள இடம் மிகப் பெரிது. அது மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. பல பிரசவங்களைக் கண்டு, பாரம் தூக்கி உழைத்த உடலில் முதுமையில் கருப்பை தன் இடத்தைவிட்டுக் கீழிறங்குவதுண்டு. பெண்கள் தங்களுக்குள் அடி இறக்கம் என்று சொல்லிக்கொள்ளும் அந்த வேதனையையும், சிறுநீரை அடக்க முடியாமையையும், மார்பில் தட்டுப்படும் கட்டியையும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிறார்கள். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட, கல்யாண வீட்டில் நீண்ட நேரம் உட்கார மறுக்கும், வெளியூர்ப் பயணம் என்றாலே எரிச்சல் கொள்ளும் ஒரு தாய், ஊருக்குப் பிடிவாதக்காரியாகத் தெரிகிறாள். மகன் இதை விசாரித்து அறிய முடியாது. மகளோ, மருமகளோ, பெரும்பாலும் அவர் வயதை ஒத்த நாத்தனாரோ தனியாக உட்கார்ந்து கேட்டால் விடை கிடைக்கும். பெண் மருத்துவர் இருக்கும் நாளையும், பரிசோதனை அறைக்குள் கூடவே ஒரு பெண் வருவதையும் முன்பே உறுதி செய்துவிட்டால், மறுப்பின் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னும் கனமான ஒரு பின்புலமும் உண்டு. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து, அவர் மரணத்தை விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் என்ற கொடுமை இம்மாவட்டத்திலும் அண்டைப் பகுதிகளிலும் மறைவாக நடந்துவந்தது. 2010ஆம் ஆண்டு, தமக்கு அது திட்டமிடப்படுவதை அறிந்து எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டைவிட்டுத் தப்பியதாகச் செய்தி வெளியானபோது நாடு முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. இதே பொருளை எடுத்துக்கொண்ட 'பாரம்' என்ற திரைப்படம், 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருதைப் பெற்றது. பெரும்பாலான குடும்பங்கள் இத்தகைய செயலை நினைத்தும் பாராதவை. எனினும், படுத்துவிட்டால் பிறருக்குப் பாரமாகிவிடுவோம் என்ற பயம் இப்பகுதி முதியவர்களின் மனத்தில் ஓரமாக உறைந்திருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. அவர்களிடம் "உங்களால எல்லாருக்கும் எவ்வளவு கஷ்டம் பாருங்க" என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைப்பது, எந்தப் பயத்தால் அவர்கள் ஒடுங்கிக் கிடக்கிறார்களோ அந்தப் பயத்தையே கிளறிவிடும் செயல். அவர் இருக்க வேண்டும், இன்னும் பல காலம் இருக்க வேண்டும் என்ற விருப்பம் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். நம்முடைய வீடுகளில் அன்பு இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் குறைவு.

எவ்வாறு பேசுவது என்பதற்கு உளவியலில் இரண்டு கருத்துகள் உதவுகின்றன. ஒருவருடைய சுதந்திரம் பறிக்கப்படுவதாக அவர் உணர்ந்தால், சொல்லப்பட்டது நல்லதே ஆயினும் அதற்கு நேர்மாறானதைச் செய்யத் துணிவார் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1966ஆம் ஆண்டு ஒரு கோட்பாடாக விளக்கினார். ஆயுள் முழுவதும் குடும்பத்தில் முடிவெடுப்பவராக இருந்த தகப்பனாரிடம், மகன் திடீரென்று ஆணையிடத் தொடங்கும்போது நடப்பது இதுவே. இதற்கு மாற்றாக, குடிப்பழக்கத்துக்கு ஆளானவர்களிடம் பேசும் முறையாக வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கிய நேர்காணல் முறை, மாற்றத்துக்கான காரணத்தை எதிரில் இருப்பவரே தம் வாயால் சொல்லும்படி கேள்விகளை அமைக்கிறது. "நீங்க நாளைக்கே வந்தாகணும்" என்பதற்கு விடை ஒன்றுதான். "அப்பா, அந்தக் கால் புண்ணு ராத்திரி தூங்க விடுதா?" என்று கேட்டால், அவர் புண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குவார், "முன்ன மாதிரி சாயங்காலம் டீக்கடை வரைக்கும் நடக்க முடியலயோ?" என்று தொடர்ந்தால், அவர் இழந்தது எது என்பது அவர் வாயாலேயே வெளிவரும். டீக்கடைக்கு மறுபடி நடந்து போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. சர்க்கரை அளவு குறைய வேண்டும் என்பது மருத்துவரின் ஆசை. பேச்சு முன்னதைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

யார் பேசுவது என்பதும் எப்படிப் பேசுவது என்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. ஒரே தெருவில் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு நடமாடும் மனிதர், இருபது ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுத் திடமாக இருக்கும் சம்பந்தி, பழைய மில் சகா ஆகியோர், கண்புரை ஆய்வில் வீடுவீடாகப் போனவர்களின் இடத்தைக் குடும்பத்தில் நிரப்பக்கூடியவர்கள். கைராசி டாக்டரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். அவரிடமே போய், பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம் தருமாறு கேட்டால், முதியவர் தம் டாக்டரின் பேச்சைக் கேட்டதாகவே கருதுவாரேயொழிய, பிள்ளைகளிடம் தோற்றதாகக் கருதமாட்டார். இந்த மரியாதை சிறிதன்று.

மருத்துவமனை வரை வர மனமில்லாதவரிடம் வாசல் வரை வரும் மருத்துவத்திலிருந்து தொடங்குவதும் ஒரு வழி. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும், நோய் தீராத நிலையில் வலியைத் தணித்துப் பராமரிக்கும் சிகிச்சையும் இதில் அடங்கும். 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது. திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் பழகியவருக்கு, அடுத்த படியாக ஆரம்ப சுகாதார நிலையம் அவ்வளவு தூரமாகத் தோன்றாது.

மறுப்பே சில வேளைகளில் நோயின் அறிகுறி என்பதைக் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது. காது மந்தமானவர், பாதி கேட்டும் கேளாமலும் இருப்பதால் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். துணையை இழந்தபின் மனச்சோர்வில் ஆழ்ந்தவர், உயிரின் மீதே பற்று விட்டவராகச் சிகிச்சையைத் தள்ளுகிறார். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று நாள் கிழமை குழம்பி, அர்த்தமில்லாமல் பேசி, தொட வந்தவரைத் தள்ளிவிட்டால், சிறுநீர்த் தொற்றோ, உப்புச்சத்துக் குறைவோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக வந்த சித்தக் குழப்பமாக அது இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை அது. மறதி நோயிலும் சில பக்கவாத நோய்களிலும், தமக்கு நோய் இருப்பதையே உணர முடியாதபடி மூளை பாதிக்கப்படுகிறது; இந்நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914இல் விவரித்தார். இத்தகையோரிடம் வாதாடுவதால் பயனில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டு மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார்; முதுமையில் நோய் வேறு வேடத்தில் வருகிறது.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லாத நிலைகளும் உண்டு. முகம் ஒரு பக்கமாகக் கோணுவதும், ஒரு கை தொய்வதும், நாக்குக் குழறுவதும் பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட்டால்தான் பயன் தரும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும். வியர்வை, மூச்சிரைப்பு, நெஞ்சில் லேசான பாரம் ஆகியவற்றை வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்துவிடுபவர்கள் உண்டு. அப்போது 108ஐ அழைப்பதே முதல் வேலை. மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டுள்ளன. "இப்ப ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம், அப்புறம் நீங்க சொல்றபடி" என்ற உறுதிமொழி அந்நேரத்தில் பலரை எழுப்பி நடக்கவைக்கும்; ஆனால் அந்த உறுதிமொழி பிறகு காப்பாற்றப்பட வேண்டும்.

ஏமாற்றி அழைத்துச் செல்வதைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆண்டாள் கோயிலுக்குப் போகலாம் என்று ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனை வாசலில் இறக்குவதும், மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலப்பதும், நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவையே. ஆயினும் அடுத்த முறை உண்மையிலேயே கோயிலுக்கு அழைத்தாலும் அவர் வரமாட்டார். சாப்பாட்டின் மீதே சந்தேகம் வந்துவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு எதுவும் மிஞ்சாது. சட்டமும் முதியவரின் பக்கமே நிற்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், தெளிந்த அறிவுடைய வயதுவந்த நோயாளிக்காக அவருடைய தாய் கொடுத்த சம்மதமும் செல்லாது என்றும், பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தைச் சிகிச்சைக்கான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சொல்லப்படுவதைப் புரிந்துகொள்ளவும், நினைவில் வைத்து நன்மை தீமைகளை எடை போடவும், முடிவைத் தெரிவிக்கவும் ஒருவரால் முடியுமானால், அவர் எண்பது வயதினர் என்பதோ, முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதோ அவருடைய உரிமையைக் குறைப்பதில்லை.

எல்லாம் சொல்லி, எல்லாம் கேட்டு, தடைகளை எல்லாம் நீக்கிய பிறகும் வேண்டாம் என்பவர்கள் சிலர் இருப்பார்கள். எண்பத்தைந்து வயதில் புற்றுநோய்க்குக் கடுமையான சிகிச்சை வேண்டாம், சொந்த வீட்டில், பழகிய தெருவின் சத்தத்துக்கு நடுவில் இருந்துவிடுகிறேன் என்று ஒருவர் நிதானமாகச் சொன்னால், அதை ஏற்றுக்கொள்வதும் குடும்பத்தின் கடமையே. அப்போதும் மருத்துவத்துக்கு வேலை இருக்கிறது: வலிக்கு மருந்தும், படுக்கைப் புண் வராமல் காக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்க ஏற்பாடு செய்யலாம். பின்னாளில் தம்மால் பேச முடியாமற்போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றாலே போதும் என்றாயிற்று. அந்த ஆவணத்தில், தமக்குப் பதிலாக முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதையும் அவர் பெயர் குறிப்பிட்டு எழுதலாம். ஒரு படியைக் குடும்ப மருத்துவரிடமும் கொடுத்துவைக்கலாம்.